ரீடிங் பென்: கணக்கில் புலி, வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு வாங்கலாமா?

திருச்சியில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஏழாவது முதல் பத்தாவது வரை, சிபிஎஸ்இ, ஸ்டேட் போர்டு இரண்டும் உண்டு. போன வருஷம் டியூஷனுக்கென்று ஒரு ரீடிங் பென் வாங்கினேன். அதைக் கேள்விப்பட்டு, "மிஸ், அது நல்லா இருக்கா, வாங்கலாமா?" என்று வாட்ஸாப்பில் கேட்கிற அம்மாக்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட்டு அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

பேனா என்று பெயர்தானே தவிர அது எழுதாது. தடிமனான மார்க்கர் அளவு இருக்கும். முனையில் சின்னக் கேமராவும் ஒரு விளக்கும். அச்சடித்த வரியின் மேல் வைத்து இடமிருந்து வலமாக இழுத்தால், கேமரா படங்களை எடுத்து ஒட்டி, எழுத்துகளை அடையாளம் கண்டு, சத்தமாகப் படித்துக் காட்டும். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு திரை. படித்த வரி அதிலும் ஓடும். ஒரு சொல்லை மட்டும் இழுத்தால் அகராதிப் பொருள் வரும். நான் கொடுத்த விலை பதினோராயிரத்துச் சொச்சம். வெளிநாட்டுப் பேனாக்கள் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. பிராண்ட் பெயர் எழுதப்போவதில்லை. இந்த மாடல்கள் வருவதும் போவதும் தெரியாது. அடுத்த தீபாவளிக்குள் இதே பொருள் வேறு பெயரில் வந்து நிற்கும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உபயோகம்.

யாருக்காக வாங்கினேன் என்று சொல்லாமல் விமர்சனம் எழுதினால் அர்த்தம் இருக்காது. என்னிடம் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் வருகிறான். சிபிஎஸ்இ. அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கணக்கில் அவன் மண்டை ஓடும் வேகத்துக்கு என்னால் பல நாள் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆனால் ஒரு பத்தி இங்கிலீஷை வாசிக்கச் சொன்னால் வியர்க்கும். வரி மாறிப்போகும், பாதிச் சொல்லைப் பார்த்து மீதியை ஊகிப்பான், வாக்கியம் முடியும்போது தொடக்கம் மறந்திருக்கும். எழுதுவதும் அப்படித்தான்: டிஸ்லெக்ஸியாவோடு (வாசிப்பதில் குறைபாடு) டிஸ்கிராஃபியாவும் (எழுதுவதில் குறைபாடு) இருக்கிறது. விடை சரியாக இருக்கும், வழிமுறை பாதி நோட்டிலும் பாதி மனசிலும் கிடக்கும். பள்ளியில் வாங்குவது அறுபதை ஒட்டிய மார்க். "பாஸ் ஆகிறானே, சோம்பேறித்தனம்தான்" என்று பல வருஷம் ஓட்டிவிட்டார்கள். புத்தி குறையை மூடிவிட்டது, குறை புத்தியை மூடிவிட்டது. வெளியே தெரிந்தது சுமாரான ஒரு பையன்.

இங்கிலீஷில் இந்த மாதிரிப் பிள்ளைகளை ட்வைஸ் எக்ஸெப்ஷனல் என்கிறார்கள். ஒரு பக்கம் அபாரத் திறமை, இன்னொரு பக்கம் கற்றல் குறைபாடோ, கவனம் நிலைக்காத ஏடிஹெச்டியோ, ஆட்டிசமோ. அவன் அம்மா சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். விஸ்க் என்பது பிள்ளைகளுக்கான ஐக்யூ டெஸ்ட். அவன் எழுதிய பதிப்பில் நாலு பிரிவு மதிப்பெண் வரும். 100 என்பது சராசரி. உருவங்களையும் வடிவங்களையும் வைத்து யோசிக்கிற பிரிவில் அவன் 130-ஐத் தாண்டியிருந்தான். நூறு பிள்ளைகளில் இரண்டு பேர் எட்டுகிற இடம் அது. வேகமாகப் பார்த்து எழுதுகிற பிரிவில் 80. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட மொத்த ஐக்யூ "சராசரி" என்று வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டார்கள். பிரிவுகளுக்கு நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. நினைவு, வேகம் இரண்டையும் விட்டுவிட்டு யோசிக்கும் திறனை மட்டும் கணக்கிடுகிற முறை ஒன்று இருக்கிறது; ஜெனரல் எபிலிட்டி இண்டெக்ஸ் என்று கேட்டால் சைக்காலஜிஸ்ட் போட்டுத் தருவார். கேட்காமல் தருவது அபூர்வம்.

சரி, பேனாவுக்கு வருகிறேன்.

வந்த அன்றே அவன் கையில் கொடுத்து, பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தைத் திறந்து வைத்தேன். இரண்டு மாறிகள் உள்ள நேரியல் சமன்பாடு பாடத்தில் ஒரு கணக்கு வரும்: ஓர் ஈரிலக்க எண்ணையும் அதன் இலக்கங்களைத் திருப்பிப்போட்டால் வரும் எண்ணையும் கூட்டினால் 66, இலக்கங்களுக்கு வித்தியாசம் 2, அந்த எண் எது, அப்படி எத்தனை எண்கள் உண்டு? இங்கிலீஷில் அது மூன்று வரி. அவனாக வாசித்தால் இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்வான், "எனக்கு இது வராது மிஸ்" என்று புத்தகத்தை மூடிவிடுவான். பேனாவால் இழுத்தான். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியை இழுக்கவே இல்லை.

"நாப்பத்திரெண்டு, இருபத்திநாலு. ரெண்டு இருக்கு மிஸ்."

"எப்படிடா?"

"ரெண்டையும் கூட்டினா எப்பவும் பதினொண்ணோட மடங்குதானே? அறுபத்தாறை பதினொண்ணால வகுத்தா ஆறு. கூட்டினா ஆறு, கழிச்சா ரெண்டு."

எக்ஸ், ஒய் எதுவும் போடவில்லை. புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கத்துக்கு மேல் தீர்வு போட்டிருக்கிறது. இத்தனை நாளும் இவனுக்கு வார்த்தைக் கணக்கு வராது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தவர்கள், அந்தக் கணக்கு என்னவென்று அவனுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. என் கணக்கில் பேனாவின் விலை அந்த மூன்று வரியிலேயே கழிந்துவிட்டது. மற்றதெல்லாம் இதற்கு மேல் வரும் நல்லதும் கெட்டதும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். அச்சு இங்கிலீஷை நன்றாகவே படிக்கிறது. உச்சரிப்பு வெள்ளைக்காரத்தனமாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் காது பழகிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். என் டியூஷன் பையன் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறான். எனக்கு ஒன்றுமே புரிவதில்லை, அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது. கண்ணால் மெதுவாகப் போகிறவன் காதால் என்னைவிட வேகமாகப் போகிறான். அகராதியும் உபயோகமாக இருக்கிறது. "ரெஸ்பெக்டிவ்லி", "கன்செக்யூட்டிவ்", "அட் மோஸ்ட்" மாதிரி கணக்குப் புத்தகத்துக்கென்றே பிறந்த சொற்கள் இருக்கின்றன. தமிழ் மீடியத்திலிருந்து மாறி வந்த பிள்ளைகளும் இதில்தான் சறுக்குகிறார்கள். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை பேனாவிடம் கூச்சப்படுவதில்லை.

இதைவிடப் பெரிய நல்ல விஷயம், பேனா எதையும் சுலபமாக்குவதில்லை. இது குறையில்லையா என்று கேட்பீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் தேவை. வாசிப்பில் தடுமாறுகிறான் என்று தெரிந்ததுமே சுற்றியுள்ளவர்கள் செய்கிற முதல் வேலை, பாடத்தையே இளக்கிக் கொடுப்பது. சின்ன எண்கள், சின்ன வாக்கியங்கள், கீழ் வகுப்புப் புத்தகம். வாசிப்பு கஷ்டம் என்பதற்காக யோசிப்பையும் குறைத்துக் கொடுத்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பேனா அதே கடினமான கேள்வியை அப்படியே காதில் போடுகிறது. ஒலிம்பியாட் கணக்காக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது குறைகள். கணக்கு மிஸ் என்பதால் முதலில் கணக்கையே சொல்கிறேன். சின்னங்கள் பேனாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. எக்ஸ் ஸ்கொயர் என்பதை "எக்ஸ் டூ" என்கிறது. மேலே ஒன்று கீழே இரண்டு போட்ட பின்னத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போகிறது. வர்க்கமூலக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை. ஒருநாள் வடிவியல் கணக்கில் பிஏசி என்ற கோணத்தை "பேக்" என்று படித்துவிட்டது. "மிஸ், பேக் எத்தனை டிகிரின்னு கேக்குது" என்று அவன் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு வகுப்பே நின்றுபோனது. நம்மூர் முறையில் கமா போட்ட லட்சங்களையும் குழப்புகிறது. 1,25,000 என்பதைத் துண்டு துண்டாகச் சொல்கிறது. 'ரூ.' என்பதன் இங்கிலீஷ் சுருக்கத்தை "ஆர் எஸ்" என்று படிக்கிறது.

இதனால் பேனா வேஸ்ட் என்று ஆகிவிடாது. என் பையனுக்குச் சின்னங்கள் எப்போதும் தகராறு செய்ததில்லை, வார்த்தைகள்தான் தகராறு. வார்த்தைகளைப் பேனாவிடம் விட்டுவிட்டு சமன்பாட்டைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறான். பேனாவுக்கு எது வராதோ அது அவனுக்கு வரும். ஆனால் எண்களே குழம்புகிற டிஸ்கால்குலியா பிள்ளைக்கு இந்தப் பேனா உதவாது, குழப்பத்தைக் கூட்டும்.

அடுத்த குறையை எந்த விளம்பரத்திலும் சொல்லமாட்டார்கள். வரியின் மேல் நேராக, ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் இழுத்தால்தான் பேனா சரியாகப் படிக்கும். டிஸ்லெக்ஸியாவோடு கையெழுத்துச் சிக்கலும் உள்ள பிள்ளைகளுக்குக் கையைக் கட்டுப்படுத்துவதே கஷ்டம். பேனா பாதி வழியில் கீழ் வரிக்கு வழுக்கிவிடும். பிறகு மேல் வரியின் தலையும் கீழ் வரியின் வாலும் சேர்ந்து ஒரு புது வாக்கியம் வரும். இதற்கு எங்கள் வைத்தியம் ஒரு ஸ்கேல். 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல், அடியில் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேல் வழவழத் தாளில் நகர்ந்துவிடும். வரிக்குக் கீழே ஸ்கேலை அழுத்திப் பிடித்து, அதன் விளிம்பை ஒட்டி இழுக்க வேண்டும். ஸ்கேலின் அடியில் செல்லோடேப்பை உருட்டி ஒட்டினால் இன்னும் நல்லது. இழுப்பதற்கு முன் முதல் எழுத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வைத்து, கடைசி எழுத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய்த் தூக்க வேண்டும். அதைப் பழக்காவிட்டால் முதல் எழுத்தை முழுங்கிவிடும்: "நாட்" என்பதில் முதல் எழுத்து போனால் கணக்கின் தலையெழுத்தே மாறிவிடும். இடதுகைப் பிள்ளைகளுக்கு செட்டிங்ஸில் கை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் பேனாவில் இருக்கிறது.

எந்தத் தாளில் ஓடும், எதில் ஓடாது? வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் கவலை இல்லை. கலர் பெட்டிக்குள் வெள்ளை எழுத்தில் போட்டிருப்பதை பாதி நேரம் விட்டுவிடும். வரி ஓரத்தில் கோடு போட்டு உடைத்த சொல்லை இரண்டு சொல்லாகப் படிக்கும். பள்ளிகளில் ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்களே, வொர்க்‌ஷீட் என்ற பெயரில், அதில் பேனா சரணடைந்துவிடும். கையால் எழுதிய கேள்வித்தாள் அறவே படிக்காது. நான் இப்போது என் கேள்விகளையெல்லாம் டைப் அடித்து, 14 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டுத்தான் அச்செடுக்கிறேன். பேனா இல்லாத பிள்ளைகளும் "இது நல்லா இருக்கு மிஸ்" என்கிறார்கள். இதற்காகப் பதினோராயிரம் செலவழித்திருக்க வேண்டியதில்லை, உண்மைதான்.

தமிழுக்கு வருவோம். பெட்டியில் நூற்றுச்சொச்சம் மொழிகள் என்று போட்டு அதில் தமிழும் இருக்கும். நம்பாதீர்கள். என் பேனாவில் தமிழ் படிக்க வைஃபை வேண்டும். வைஃபை இருந்தாலும் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தவிக்கிறது. ஒற்றைக்கொம்பு தனியே, எழுத்து தனியே, துணைக்கால் தனியே என்று பிரித்துப்போட்டு ஏதோ ஒன்றைச் சொல்கிறது. சின்ன வாக்கியம், பெரிய எழுத்து என்றால் பிழைத்துக்கொள்ளலாம். செய்யுள் பக்கம் போகவே வேண்டாம். ஸ்டேட் போர்டு தமிழ் மீடியம் பிள்ளைக்காக வாங்க நினைக்கிறவர்கள் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

அவர்களுக்கு என் யோசனை போன்தான். கூகுள் லென்ஸில் பக்கத்தைப் படம் எடுத்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கேட்கச் சொன்னால் படிக்கும். தமிழ் எழுத்துகளை என் பேனாவைவிட எவ்வளவோ நன்றாக அடையாளம் காண்கிறது, காசும் கிடையாது. என்சிஇஆர்டி புத்தகங்கள் இலவசமாகவே பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன. எட்ஜ் பிரவுசரில் திறந்து சத்தமாகப் படிக்கச் சொன்னால் படித்துவிட்டுப் போகிறது. தமிழ் பிடிஎஃப்களில் சிலது பழைய எழுத்துருவில் இருந்தால் மட்டும் குப்பையாக வரும். அப்படியென்றால் பேனா எதற்கு? எனக்குக் காரணம் ஒன்றுதான்: போனைக் கையில் கொடுத்தால் லென்ஸ் மட்டுமா திறக்கும்? ஏடிஹெச்டியும் சேர்ந்த பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். பேனாவில் வாட்ஸாப் இல்லை, ரீல்ஸ் இல்லை. போனை உள்ளே விடாத பள்ளியில்கூட வகுப்பு டீச்சரிடம் பேசி பேனாவை அனுமதிக்க வைக்க முடிந்தது. வீட்டில் மட்டும் வேண்டும், பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்றால் போனே போதும்.

முழுப் புத்தகம் வாசிக்கவும் பேனா சரிப்படாது. இருநூறு பக்கத்தை வரி வரியாக இழுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? என் பையனுக்குக் கருந்துளை பற்றிய புத்தகம் வேண்டும், எண் கோட்பாடு வேண்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. அச்செழுத்தை வாசிக்க முடியாதவர்கள் என்றால் பார்வையற்றவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறோம். இவர்களுக்குப் புத்தகங்களைக் கேட்கிற வடிவில் கிடைக்கச் செய்வதற்கான மரகேஷ் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம், டிஸ்லெக்ஸியா உள்ளவர்களையும் அதில் சேர்க்கிறது. 2014-ல் அதை உலகத்திலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற ஆன்லைன் நூலகத்தில், கேட்டுப் படிக்கிற வடிவத்தில் புத்தகங்கள் கிடைக்கும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழைக் காட்டி உறுப்பினராகலாம். அவனைச் சேர்த்துவிட்டிருக்கிறோம். பேனா கேள்வித்தாளுக்கும் வொர்க்‌ஷீட்டுக்கும், நூலகம் புத்தகத்துக்கு.

சான்றிதழ் என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி: பேனாவைப் பரீட்சை ஹாலுக்குக் கொண்டுபோகலாமா? அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். பிரிட்டனில் பரீட்சைக்கென்றே அகராதியும் சேமிப்பும் இல்லாத தனிப் பேனா விற்கிறார்கள், அங்கே அனுமதியும் உண்டு. இங்கே சிபிஎஸ்இ-யில் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு ஸ்கிரைப், அதாவது பிள்ளை சொல்லச் சொல்ல விடை எழுதுகிறவர், கிடைக்கும். ஸ்கிரைப் வேண்டாம் என்றால் கேள்வியை வாசித்துக் காட்ட மட்டும் ஒருவர் கிடைப்பார். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம். டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ பரிந்துரைத்தால் இன்டர்நெட் இல்லாத லேப்டாப்பில் டைப் அடிக்கவும் கேள்வியைக் கேட்கவும் 2018 முதல் வழி இருக்கிறது. அந்த லேப்டாப் விஷயத்தை நானே சொல்லித்தான் பல பெற்றோருக்குத் தெரிகிறது. எதுவானாலும் பள்ளி மூலமாக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடாதீர்கள்.

சான்றிதழுக்கு அடிப்படை 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் சொன்ன 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று; 1995 சட்டத்தில் அது இல்லை. ஐக்யூ டெஸ்ட் எடுத்து, பிறகு பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் தயாரித்த டெஸ்ட் எடுப்பார்கள். 2018-ல் வந்த வழிகாட்டுதலில், எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ்; 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும்; 18-ல் எடுத்தது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது. 2024-ல் அதைத் திருத்தியிருக்கிறார்கள். "நல்லா யோசிக்கிற பையனுக்கு எதுக்கு டிஸெபிலிட்டி சர்டிஃபிகேட்?" என்று அவன் தாத்தா கோபித்துக்கொண்டார். புத்தி நன்றாக இருக்கிற பிள்ளைக்குத்தான் இந்தச் சான்றிதழ், அதற்காகத்தான் முதலில் ஐக்யூவையே பார்க்கிறார்கள் என்று விளக்கியதும் பேசாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் ஆதார் ஜெராக்ஸோடு வந்தது அவர்தான்.

இன்னொன்று. பேனா வாசிக்கக் கற்றுக்கொடுக்காது. அதைச் செய்வது ஒலிகளையும் எழுத்துகளையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித்தருகிற ரெமிடியல் வகுப்பு. பேனா வந்துவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் தெரிந்திருக்கும். அவர்கள் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். ரெமிடியலில் எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. என் பையன் முன்பு போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்), "வாசிப்பு சரியாகிற வரைக்கும் மேத்ஸ் டியூஷன், ஒலிம்பியாட் எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தியும் இருக்கிறார்கள். ஒரு வருஷம் அந்தப் பையன் சாயங்காலம் முழுக்க மூன்றெழுத்துச் சொற்களோடு உட்கார்ந்திருக்கிறான். தனக்கு எது வருமோ அதைத் தொடவே விடாமல், வராததை மட்டும் நாள் முழுக்கச் செய்யச் சொன்னால் எந்தப் பெரியவர் ஒத்துக்கொள்வார்? என்னிடம் வந்தபோது "நான் டல் மிஸ்" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ரெமிடியல், மற்ற நாள் என்னிடம். வாசிப்பு அதன் வேகத்தில் மெதுவாக ஏறட்டும், கணக்கு அதன் வேகத்தில் ஓடட்டும். நடுவில் இருக்கும் இடைவெளியைப் பேனா பார்த்துக்கொள்கிறது.

(அவசரப்பட்டு "குட்டி ராமானுஜன்" பட்டம் கட்டுகிற சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கும்பகோணம் காலேஜில் ராமானுஜன் ஸ்காலர்ஷிப்பை இழந்தது மற்ற பாடங்களை ஏறெடுத்துப் பார்க்காததால். அது வேறு கதை. பையனை விட்டுவிடுங்கள், அவனுக்கு இப்போது கிரிக்கெட்டும் முக்கியம்.)

அவனுக்கு ஐஓக்யூஎம் எழுத ஆசை. கணித ஒலிம்பியாடின் முதல் படி அது. 30 கேள்வி, 3 மணி நேரம், விடை எல்லாமே 00 முதல் 99 வரை உள்ள எண்கள். ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பினால் போதும். கையெழுத்துச் சிக்கல் உள்ளவனுக்கு இதைவிடத் தோதான பரீட்சை கிடையாது. ஆனால் அடுத்த படியான ஆர்எம்ஓவில் நிரூபணத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதற்கு இப்போதே வாயால் சொல்லச் சொல்லிப் பழக்குகிறேன், நான் எழுதிக்கொள்கிறேன். "அதனால", "ஏன்னா" என்று அவன் சொல்கிற இடத்திலெல்லாம் நிறுத்தி, "ஏன்?" என்று கேட்கிறேன். எரிச்சல்படுகிறான். இந்த வேலைக்கு எந்தப் பேனாவும் உதவாது.

இதே பேனாவை ஏழாவது படிக்கிற ஒரு பெண்ணிடமும் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கு ஏடிஹெச்டி. கதை எழுதினால் நமக்கு மூச்சு முட்டும், அவ்வளவு அழகு. வாசிப்பில் தடையே கிடையாது. அவள் சிக்கல், கேள்வியின் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதிக்கு முன்னாலேயே விடை எழுதப் பாய்வது. பேனா அவளுக்கு ஒரு பொம்மையாக இருந்தது. என் புடவை பார்டரில் இருந்த எழுத்தையும் பிஸ்கட் பாக்கெட்டையும் படிக்க வைத்துவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு உதவியது கேள்வியை மூன்று துண்டாக மடித்துக் கொடுக்கிற தாள், செலவு பூஜ்யம். அதனால் வாங்குமுன் உங்கள் பிள்ளைக்குத் தடை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கேள்வியை வாசித்துக் காட்டினால் பிள்ளை சட்டென்று போட்டுவிடுகிறதா? அப்படியென்றால் பேனா உதவும். வாசித்துக் காட்டினாலும் அதே இடத்தில் நிற்கிறதா? பேனாவை மறந்துவிடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை: இன்டர்நெட் இல்லாமல் இங்கிலீஷ் படிக்கிறதா என்று வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். வயர் ஹெட்போன் குத்த ஓட்டை இருக்க வேண்டும். ப்ளூடூத் மட்டும் என்றால் சார்ஜ், ஜோடி சேர்ப்பது என்று வகுப்பில் பாதி நேரம் அதிலேயே போய்விடும். என் பேனாவில் ஸ்பீக்கர் சத்தம் குறைவு, மின்விசிறி ஓடினால் கேட்காது. பேட்டரி ஒரு நாள் தாங்குகிறது. முனையில் உள்ள கண்ணாடி அழுக்கானால் தப்பும் தவறுமாகப் படிக்கும். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடையுங்கள். ஒருமுறை ஆன் ஆகாமல் போய் சர்வீஸுக்கு எழுதினேன், பதில் வர வாரக்கணக்கானது, கடைசியில் ரீசெட் பட்டனை ஊசியால் குத்தி நாங்களே சரிசெய்துகொண்டோம். வாரண்டியை ரொம்ப நம்ப வேண்டாம். ரிட்டர்ன் எடுத்துக்கொள்கிற இடத்தில் வாங்கி, முதல் வாரமே பிள்ளையின் சொந்தப் புத்தகத்தில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்றால், இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற, யோசிப்பில் வேகமும் வாசிப்பில் தடுமாற்றமும் உள்ள பிள்ளைக்கு நாலு. தமிழுக்கு ஒன்று, அதுவும் பாவம் பார்த்து. எனக்குத் தெரிந்த அம்மாக்கள் வாங்குமுன் பிள்ளையையும் புத்தகத்தையும் ஒரு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு டியூஷனுக்கு வந்து என் பேனாவிலேயே முயன்று பார்க்கலாம். ஏழு மணிக்கு மேல் வாருங்கள். ஆறு மணி பேட்ச் இருக்கும்போது பேனா சொல்வது எனக்கே கேட்காது.